டச்சு வார்த்தையை எங்கே உடைப்பது? – வாசகர் கேள்விகள்

கும்பகோணத்தில் என் வீட்டுக் கூடத்தில் நடக்கும் டச்சு வகுப்பைப் பற்றி இந்தப் பத்திரிகையில் ஒரு குறிப்பு வந்தது. அதைப் பார்த்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: இரண்டு மூன்று சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டி எழுதுகிறார்களே, அவற்றை எப்படிப் பிரிப்பது, எப்படிப் படிப்பது? ஆசிரியர் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டச்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் கிட்டத்தட்டத்தான் காட்ட முடியும். அவர்களுடைய தொண்டை உரசும் ஒலியை இங்கே ஹ் என்று எழுதியிருக்கிறேன். கொஞ்சம் கரகரப்பாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் புத்தகப் பக்கம் கட்டும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நெதர்லாந்துப் பாடப் புத்தகங்கள் எங்களிடம் வருகின்றன. எங்கள் பிரிவில் யாருக்கும் டச்சு தெரியாது. வரி முடிவில் சாஃப்ட்வேர் போட்ட ஹைஃபனை அப்படியே விட்டோம். பக்கங்கள் சிவப்பு வட்டங்களோடு திரும்பி வந்துவிட்டன. மொழி தெரியாதவன் வார்த்தையைச் சரியாக உடைக்க முடியுமா அம்மா?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பெரும்பாலும் முடியும் தம்பி. எங்கே முடியாது என்று தெரிந்துகொண்டால் அந்த இடத்தில் மட்டும் யாரையாவது கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் சாஃப்ட்வேர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். இன்று பக்கம் கட்டும் மென்பொருள்கள் பலவற்றில் இருக்கும் ஹைஃபன் முறை, ஸ்டான்ஃபோர்டில் டொனால்ட் க்னூத்தின் மாணவர் ஃப்ராங்க் லியாங் 1983-இல் முடித்த ஆய்விலிருந்து வந்தது. க்னூத் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்காகச் செய்தது. எந்த எழுத்துக்கு அடுத்து எந்த எழுத்து வந்தால் உடைக்கலாம், எங்கே உடைக்கக் கூடாது என்ற வாய்பாடுகளை அகராதியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு அதன்படி வெட்டும். எழுத்து அதற்குத் தெரியும், பொருள் தெரியாது. டச்சில் எந்த மூட்டில் வெட்டுவது என்பதைப் பொருள்தான் முடிவு செய்கிறது. அதனால் கூட்டுச் சொல் வரும்போது அது தடுமாறும்.

நம் ஊர்ச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பாலை. கரும்பு, ஆலை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு வரியின் கடைசியில் ‘கரும்’ நின்று, அடுத்த வரி ‘பாலை’ என்று தொடங்கினால் படிக்கிறவர் ஒரு நொடி கருப்பான பாலைவனத்துக்குப் போய்விட்டு வருவார். பள்ளிக்கூடத்தில் பொதுமொழி என்று படித்திருப்பீர்களே, வேங்கை என்றால் புலி, வேம் கை என்று பிரித்தால் வேகிற கை. டச்சுக்காரர்கள் சொற்களை ஒட்டியே எழுதுகிறவர்கள் என்பதால் இந்த மாதிரிப் பொதுமொழிகள் அங்கே ஏராளம்.

நான் வகுப்பில் முதலில் எழுதிப் போடுவது டெய்க்ரம்ப் என்ற சொல். டெய்க் என்றால் ஆற்றுக்கும் கடலுக்கும் போடும் கரை, ரம்ப் என்றால் பேரிடர். டெய்க்-ரம்ப் என்று வெட்டினால் கரை உடைந்து வரும் பேரழிவு. ஒரே ஒரு எழுத்து முன்னால் வெட்டி டெய்-க்ரம்ப் என்று ஆக்கினால் தொடையில் பிடிக்கும் தசைப்பிடிப்பு. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. கரை உடைந்த செய்தியைப் படிக்க உட்கார்ந்தவர் முன்னால் தொடையைக் கொண்டுபோய் வைக்கிறோம் என்றால், சிவப்பு வட்டம் போட்டவர் மேல் என்ன தப்பு?

ஃபல்கௌல் என்று இன்னொன்று. ஃபல்-கௌல் என்றால் விலங்கு பிடிக்கத் தோண்டிய பொறிக்குழி. ஃபல்க்-ஔல் என்றால் வல்லூறும் ஆந்தையும் சேர்ந்த ஏதோ ஒரு பறவை. க்வார்ட்ஸ்லாஹன் என்பதை க்வார்ட்-ஸ்லாஹன் என்று வெட்டினால் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புவது. க்வார்ட்ஸ்-லாஹன் என்றால் க்வார்ட்ஸ் பாறையின் அடுக்குகள். நீங்கள் கட்டுவது இயந்திரப் பாடமா, நிலவியல் பாடமா என்று பார்த்தாலே எது சரி என்று தெரிந்துவிடும். டச்சு தெரியாவிட்டாலும் இது முடியும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

வெட்டு மாறினால் சில சொற்களில் உச்சரிப்பும் சேர்ந்து மாறிவிடும். மசாஜ் செய்யும் படுக்கைக்கு மசாஷெ-பெட் என்று பெயர். அதே எழுத்துகளை மசா-ஹெபெட் என்று பிரித்தால் பெருங்கூட்டம் சேர்ந்து செய்யும் பிரார்த்தனை. நடுவில் இருக்கும் ஜீ எழுத்து ஒன்றில் ஷ போல ஒலிக்கிறது, இன்னொன்றில் தொண்டையில் உரசுகிறது. பிரிக்காமல் வாய்விட்டுப் படிக்கவே முடியாத சொல் இது.

நம் யாப்பிலக்கணத்தில் பொருளைப் பார்க்காமல் சீருக்காகச் சொல்லை அறுப்பதற்கு வகையுளி என்று பெயர். செய்யுளில் அதற்கு இடம் உண்டு. டச்சு உரைநடையில் இடமே கிடையாது. முதலில் மூட்டைக் கண்டுபிடி, அங்கே வெட்டு. மூட்டில் இடம் போதாவிட்டால்தான் ஒரு பகுதிக்குள்ளே அசை பார்த்து வெட்டலாம்.

பகுதிக்குள் வெட்டும் விதிகள் எளிது. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் ஒரே மெய்யெழுத்து இருந்தால் அது பின்னால் போகும்: மா-கென். இரண்டு இருந்தால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று: பெர்-ஹென். மூன்று நான்கு சேர்ந்து வந்தால், எத்தனை எழுத்து சேர்ந்து ஒரு டச்சுச் சொல்லைத் தொடங்க முடியுமோ அத்தனையும் பின்னால் போகும். ஜன்னலுக்கு ஃபென்-ஸ்டெர் என்று வெட்டுவது இதனால்தான். சீயும் ஹெச்சும் சேர்ந்து ஒரே ஒலியாக வரும் ஜோடியைப் பிரிக்கக் கூடாது. ஒற்றை எழுத்தைத் தனியாக வரிக் கடைசியில் நிற்க விடக் கூடாது.

சிறியதைக் குறிக்கும் விகுதியில் இன்னும் கவனம் வேண்டும். என் வகுப்பு மேஜையில் ஒரு கண்ணாடிப் புட்டி இருக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நாங்கள் குடியிருந்தபோது வாங்கியது. வினிகரில் ஊறிய பொடி வெங்காயம் தீர்ந்துபோய், இப்போது பேனா போட்டு வைத்திருக்கிறேன். லேபிளின் ஓரம் பழுப்பேறிவிட்டாலும் எழுத்து நன்றாகத் தெரிகிறது: ஸில்வெரௌட்யெஸ். புதிதாக வருகிறவர்களிடம் அதைக் கொடுத்து நகத்தால் கோடு போடச் சொல்வேன். ஔ என்றால் வெங்காயம், ட்யெ என்பது சின்ன என்று காட்டும் விகுதி, ஸில்வெர் வெள்ளி. ஆகவே ஸில்வெர்-ஔ-ட்யெஸ். டீ (t) எழுத்தை முன்னால் தள்ளி ஔட்-யெஸ் என்று கோடு போட்டால் அது உல்லாசமாக வெளியே போய்வரும் சின்னப் பயணம். தனிச் சொல்லாக வரும்போது இரண்டுமே சரியான டச்சுதான். வெங்காயமா, உலாவா என்று வாக்கியத்தைக் கேட்டால் அது சொல்லும்.

எனக்கு மிகவும் பிடித்தது கெர்ஸ்டோமாட்யெ. கெர்ஸ் என்றால் செர்ரி. கெர்ஸ்-டோமாட்யெ என்றால் செர்ரித் தக்காளி. கெர்ஸ்ட் என்றால் கிறிஸ்துமஸ், ஓமா என்றால் பாட்டி. கெர்ஸ்ட்-ஓமாட்யெ என்றால் கிறிஸ்துமஸுக்கு வந்த பாட்டி. இதன் கடைசியில் வெட்ட வேண்டி வந்தால்தான் அழகே. தக்காளியில் டீ எழுத்து தக்காளிக்குச் சொந்தம், எனவே விகுதி வெறும் யெ. முன்னால் இரட்டை ஏ எழுத்து அப்படியே நிற்கும். பாட்டியில் விகுதியே ட்யெ. விகுதி சேரும்போது ஒலி நீளத்தைக் காட்ட இரட்டித்த ஏ எழுத்து, வரி உடைந்ததும் ஒற்றையாகிவிடும், ஓமா என்ற சொல் தன் இயல்பான எழுத்துக்குத் திரும்பிவிடும். அதாவது, வெட்டும்போது ஒரு எழுத்தையே எடுத்துவிட வேண்டும். சாஃப்ட்வேர் இதைத் தானாகச் செய்யும் என்று நம்பாதீர்கள்.

வேலைக்கு உதவுகிற மாதிரிச் சொல்கிறேன். பக்கம் கட்டும் இன்டிசைன் மென்பொருளில் பத்திக்கு மொழி டச்சு என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சந்தேகமான சொல்லில் மூட்டு எங்கே என்று தெரிந்தால் அங்கே டிஸ்கிரீஷனரி ஹைஃபன் (வரி அங்கே உடைந்தால் மட்டும் தெரியும் ஹைஃபன்) வையுங்கள். தெரியாவிட்டால் சொல்லுக்கு முன்னால் வையுங்கள், அந்தச் சொல் உடையாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். டச்சு மொழியின் எழுத்திலக்கணத்தைக் கவனிக்கும் அரசாங்க அமைப்பு டால்உனீ, 1980-இல் நெதர்லாந்தும் பெல்ஜியமும் சேர்ந்து அமைத்தது. அதன் சொற்பட்டியலைப் பச்சைப் புத்தகம் என்பார்கள். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கே வெட்டலாம் என்று காட்டியிருக்கும். அந்த அமைப்பின் பெயரையே பாருங்கள்: டால் என்றால் மொழி, உனீ என்றால் ஒன்றியம். டா-லுனீ என்று எழுத்து விதிப்படி வெட்டினால் தப்பு. டால்-உனீ.

கல்யாணமாகி நெதர்லாந்தில் ஊட்ரெஹ்ட் நகரில் இருக்கிறேன், சொந்த ஊர் சுவாமிமலை. மொழி வகுப்புக்குப் போகிறேன். புத்தகத்தில் இருக்கிறபடி ஒரு எழுத்து விடாமல் தெளிவாகத்தான் சொல்கிறேன். கடையில் ‘என்ன?’ என்று திரும்பக் கேட்கிறார்கள். மூன்றாவது முறை இங்கிலீஷுக்குப் போய்விடுகிறார்கள். எங்கே தவறுகிறேன்?
– ஒரு வாசகி

ஒரு எழுத்து விடாமல் சொல்கிறாய் பார், அதுதான் கண்ணு காரணம். தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரிடமும் இதைக் கேட்டிருக்கிறேன்.

நமக்கு இரட்டை எழுத்து என்றால் இரட்டிக்க வேண்டும். படு வேறு, பட்டு வேறு. டச்சில் இரட்டை எழுத்து எழுதுவது அந்த எழுத்துக்காக அல்ல, அதற்கு முன்னால் இருக்கும் உயிரைக் குறிலாகக் காட்டுவதற்காக. மன் என்றால் ஆண். ஆண்கள் என்று பன்மையில் என் எழுத்தை இரட்டித்து எழுதுவார்கள், ஆனால் சொல்வது மனென் என்றுதான், மன்னென் என்று அழுத்தக் கூடாது. ஒற்றை என் போட்டு எழுதினால் அசை மா-நென் என்று பிரிந்துவிடும். மா திறந்த அசை, அதனால் மானென் என்று நீளும், பொருளும் நிலவுகள் என்று மாறிவிடும். பள்ளியில் நேரசை நிரையசை பிரித்த பழக்கம் உனக்கு இங்கே கைகொடுக்கும். ஒற்றில் முடிகிற அசையா, உயிரில் முடிகிற அசையா என்று பார். உயிரில் முடிந்தால் பெரும்பாலும் நெடில்.

வெடிகுண்டு மிரட்டல் தகவலுக்கு பொம்மெல்டிங் என்று எழுதுவார்கள், பொம் என்ற குண்டும் மெல்டிங் என்ற தகவலும் சேர்ந்தது. இதில் இரண்டு எம்மும் உண்மையிலேயே இரண்டு சொல்லுக்குச் சொந்தம். ஆனாலும் பேச்சில் பொமெல்டிங் என்றே வரும். கைத்துண்டுக்கு ஹன்ட், டூக் இரண்டையும் சேர்த்து இரண்டு டி (d) எழுத்து போட்டு எழுதுவார்கள், வாயில் ஹண்டூக்.

அடுத்தது சொல்லின் முடிவு. டி (d) எழுத்தில் முடிந்தாலும் டச்சுக்காரர் வாயில் அது வல்லொலியாகத்தான் முடியும். மாலை நேரத்துக்கு ஆவொன்ட். மாலைகள் என்று பன்மை ஆக்கும்போது ஆவொண்டென், வண்டியில் வரும் மெல்லிய ட. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆவொன்ட்-ஏடென். ஏடென் என்றால் சாப்பாடு. இங்கே பின்னால் உயிர் வந்தாலும் ஆவொன்ட் தன் வல்லொலியை விடாது, பட்டத்தில் வரும் ட போல வலுவாக நிற்கும், ஆனால் இரட்டிக்காது. மூட்டு எங்கே இருக்கிறது என்று காது கண்டுபிடிப்பது இந்த இடத்தில்தான். உருளைக்கிழங்குக்கு இருக்கும் ஆர்ட்-அபெல் மட்டும் விலக்கு. மண் ஆப்பிள் என்று இரண்டு சொல்லாக இருந்தாலும், புழங்கிப் புழங்கி ஒரே சொல் ஆகிவிட்டது, மெல்லிய ட-வோடு ஆர்டபெல் என்பார்கள். சிங்களத்தில் அது அர்தாபல் என்று போய்ச் சேர்ந்திருக்கிறது.

அப்புறம், மூட்டில் இரண்டு மெய் சந்திக்கும்போது ஒன்று மற்றதை மாற்றும். கைக்குட்டை ஸக்-டூக். எழுதுவது வல்லின க், ஆனால் பின்னால் மெல்லிய ட வருவதால் தங்கத்தில் வரும் க ஆகிவிடும். ஃபூட்-பல் விளையாட்டிலும் முதல் பகுதியின் கடைசி எழுத்து அதேபோல மென்மையாகும். எதிர்த் திசையிலும் நடக்கும்: தபால்தலைக்கு போஸ்ட்-ஸேஹெல் என்று ஸெட் எழுத்து போட்டு எழுதுவார்கள், முன்னால் ட் இருப்பதால் அது சாதாரண ஸ் ஆகிவிடும். நாம் சந்தி சேர்த்துப் பேசி வளர்ந்தவர்கள், மண்குடம் மட்குடம் ஆவதைப் படித்தவர்கள். இதெல்லாம் நமக்குப் புரியாத சங்கதி இல்லை.

தட்டையாகச் சொல்லாதே, இதைத்தான் கடையில் கவனிக்க வேண்டும். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே எடையில் சொல்லிப் பழகிவிட்டோம். டச்சுக் கூட்டுச் சொல்லில் அழுத்தம் பொதுவாக முதல் பகுதியில் விழும். பின்னால் வருவது தணிந்து ஓடிவிடும். ஸக்-டூக்கில் ஸக் மேலே, டூக் கீழே. அழுத்தம் தப்பினால் ஒலி சரியாக இருந்தாலும் அவர்களுக்கு அது வேறு இரண்டு சொல்லாகக் கேட்கும். விலக்கும் உண்டு. டெல்ஃப்ட் சந்தைச் சதுக்கத்தில் பெரிய தேவாலயத்துக்கு எதிரே நகரமன்றக் கட்டடம் இருக்கிறது, ஸ்டட்-ஹௌஸ். அதில் அழுத்தம் ஹௌஸ் மேல். இப்படிப்பட்டவை கொஞ்சம்தான், கேட்கக் கேட்க வந்துவிடும்.

எழுதிவிட்டுச் சொல்லாமல் விடுவதும் உண்டு. பான்கேக்குக்கு பனெகூக் என்பார்கள். 1995-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது நடுவில் ஒரு என் சேர்த்தார்கள். எழுத்தில்தான் சேர்ந்தது; பெரும்பாலோர் வாயில் இன்றைக்கும் அந்த என் கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் சந்தைக்குப் போய் ஒரே ஒரு பொருளை மட்டும் டச்சில் கேட்டு வாங்கு. வாங்கி முடிக்கும்வரை இங்கிலீஷுக்கு மாறாதே. டெல்ஃப்டில் வியாழக்கிழமைச் சந்தையில் நான் கற்றது இப்படித்தான்.

எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைக்கிறார்களே, அது எதற்கு?
– ஒரு மாணவி, மன்னார்குடி

இங்கே புது அசை தொடங்குகிறது என்று சொல்ல. கடலுக்கு ஸே, கடல்களுக்கு ஸே-யென். அதில் மூன்று ஈ எழுத்து வரிசையாக வரும், மூன்றாவதன் தலையில் புள்ளி. வரி முடிவில் அந்த இடத்திலேயே ஹைஃபன் விழுந்தால் புள்ளிக்கு வேலை இல்லை, எடுத்துவிடுவார்கள். 1995-க்குப் பிறகு கூட்டுச் சொல்லின் மூட்டில் உயிர்கள் மோதினால் புள்ளிக்குப் பதில் ஹைஃபனே போடுகிறார்கள். ஸே-ஏன்ட் என்றால் கடல்வாத்து.

நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் நூறாண்டுக்கு மேல் இருந்தார்கள். கக்கூஸ் அவர்கள் சொல் என்கிறார்கள். உண்மையா? வேறு என்ன விட்டுப் போனார்கள்?
– ஓர் ஆசிரியர், நாகப்பட்டினம்

உண்மைதான் சார். 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகையைப் பிடித்தார்கள். 1690-இல் சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகைக்கு மாற்றினார்கள். 1781-இல் ஆங்கிலேயரிடம் விட்டார்கள். அவர்களுடைய கோட்டையின் பெயர் ஃபெய்ஃப் சினென், ஐம்புலன்கள். 

கக்கூஸ் ஒரு கூட்டுச் சொல். கக் என்றால் மலம், ஹௌஸ் என்றால் வீடு. இன்றைய டச்சில் ஔ போலச் சொல்லும் அந்த உயிர், தென்மேற்கே ஸேலாண்ட் வட்டார வழக்கில் இன்னும் ஊ-வுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பழைய டச்சில் வீட்டுக்கு ஹூஸ் என்றே சொன்னார்கள். இந்தியாவுக்குக் கப்பல் அனுப்பிய ஒல்லாந்தர் கம்பெனி 1602-இல் தொடங்கியது, அதன் ஆறு கிளைகளில் ஸேலாண்டும் ஒன்று. துட்டு என்று சொல்கிறோமே, அதுவும் அவர்களுடைய செப்புக் காசின் பெயர். அதில் இருப்பதும் அதே உயிர்தான். இரண்டு சொல்லிலும் அது நம் காதில் உகரமாகவே விழுந்திருக்கிறது. கக் முடிந்து ஹூஸ் தொடங்கும் இடத்தில் ஹகரத்தை நாம் விழுங்கிவிட்டுக் ககரத்தை இரட்டித்துக்கொண்டோம். மூட்டு மறைந்தது. அதற்குள் ஒரு வீடு இருப்பது நமக்குத் தெரியாமலே போய்விட்டது.

இலங்கைத் தமிழில் இன்னும் நிறைய இருக்கிறது. கோடியக்கரை, வேதாரண்யம் பக்கத்தில் யாழ்ப்பாணத்து உறவுக்காரர்கள் உள்ள வீடுகளில் கேட்டுப் பாருங்கள். அலுவலகத்துக்குக் கந்தோர், மேஜை இழுப்பறைக்கு லாச்சி, பீன்ஸுக்குப் போஞ்சி. கடைசி இரண்டையும் கவனியுங்கள். டச்சில் லா-ட்யெ, போன்-ட்யெ. மேலே பொடி வெங்காயத்தில் பார்த்த அதே சின்ன விகுதிதான். யாழ்ப்பாணத்துக் காது ட்யெ என்பதைச் சகரமாகப் பிடித்துக்கொண்டது. உங்கள் மாணவர்களுக்கு ட்யெ எப்படி ஒலிக்கும் என்று சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. லாச்சி என்று சொல்லச் சொல்லுங்கள், பாதி வந்துவிடும்.

தஞ்சாவூரில் சிவில் முடித்துவிட்டு நீர் மேலாண்மை படிக்க டெல்ஃப்ட் போகிறேன். பாடம் இங்கிலீஷில்தான். ஆனாலும் அங்கே மதகு, கரை, வாய்க்கால் பற்றிப் பேசும்போது அவர்கள் சொல் காதில் விழுந்தால் புரிய வேண்டும் என்று ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

நல்ல ஆசை தம்பி. கல்லணைப் பக்கத்துப் பிள்ளை அங்கே போய்க் கரையைப் பற்றி அவர்கள் மொழியில் ஒரு சொல் சொன்னால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்லௌஸ் என்றால் மதகு, டோர் என்றால் கதவு. ஸ்லௌஸ்-டோர் மதகுக் கதவு. பின்னால் மெல்லிய ட வருவதால் ஸ் மென்மையாகி வண்டின் ரீங்காரம் மாதிரி வரும். ஹெ-மால் என்றால் தண்ணீரை இறைத்து வெளியேற்றும் நிலையம். வாடர்-ஸ்ஹப் என்பது நீர் வாரியம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று, தேர்தல் வைத்து ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள், சில வாரியங்கள் 13-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியவை. இந்தச் சொல்லை வாடர்ஸ்-சப் என்று வெட்டிப் படித்துவிடாதே, ஸ் பின்னால் இருக்கும் ஹ்-வோடு சேர்ந்தது. டெல்ஃப்ட் வட்டாரத்து வாரியத்துக்கு இன்னும் நீளமான பெயர்: ஹோஹ்-ஹேம்-ராட்-ஸ்ஹப். பார்க்க மிரட்டினாலும் நாலே அசை, ஒவ்வொரு அசையும் ஒரு பகுதி. இவ்வளவு ஒழுங்காகப் பிரியும் நீளச் சொல் அபூர்வம். முதல் நாளே அதைச் சொல்லிப் பழகு.

அடுத்து வாடர்ஸ்-நோட்-ரம்ப். 1953 பிப்ரவரி முதல் நாள் விடியுமுன் வட கடல் பொங்கி, தென்மேற்கே கரைகள் உடைந்தன. நெதர்லாந்தில் மட்டும் 1836 பேர் இறந்தார்கள். வாடர் தண்ணீர், நோட் துன்பம், ரம்ப் பேரழிவு. நடுவில் நிற்கும் ஸ் வெறும் இணைப்பு, அது எப்போதும் முன் பகுதியோடு போகும். வாடர்-ஸ்நோட் என்று வெட்டக் கூடாது. 2004 டிசம்பரைப் பார்த்த நம் நாகைக்காரர்களுக்கு இந்தச் சொல்லை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

அந்த அழிவுக்குப் பிறகு கட்டியவற்றில் பெரியது ஓஸ்டர்-ஸ்ஹெல்டெ-கேரிங். ஓஸ்டர் கிழக்கு, ஸ்ஹெல்டெ ஆற்றின் பெயர், கேரிங் தடுப்பு. 1986-இல் திறந்தார்கள். சுமார் 9 கிலோமீட்டர் நீளம், 62 எஃகுக் கதவுகள். சாதாரண நாளில் திறந்தே இருக்கும், கடல் நீர் உள்ளே வந்து போகும், சிப்பியும் மீனும் பிழைக்கும். புயல் வந்தால் மட்டும் இறக்குவார்கள். முழுதாக அடைத்துவிடத்தான் முதலில் நினைத்தார்கள். மீனவர்களும் இயற்கையை நேசிப்பவர்களும் எதிர்த்த பிறகுதான் கதவு வைத்தார்கள். நேரம் கிடைத்தால் கட்டாயம் போய்ப் பார்.

கடைசியாக ஒரு சொல். ஃபோர்-கோ-மென். வெட்டும் இடம் ஒன்றுதான், எழுத்தும் ஒன்றுதான். அழுத்தத்தை ஃபோர் மேல் வைத்தால் நேர்வது, நிகழ்வது. கோ மேல் வைத்தால் நேராமல் தடுப்பது. உன் துறையில் வாரம் முழுவதும் இந்த இரண்டும் காதில் விழும். வெள்ளத்தைத் தடுக்க வேண்டும் என்று சொல்ல எழுந்தால், கோ-வை நன்றாக ஓங்கிச் சொல்.